தோல்முட்டை

ஆடிப்பெருக்குக்கு மறுநாள்
முதல் தோல்முட்டை கைக்கு வந்தது.
விடியாத நேரம். தொட்டதும் கூசியது விரல்.
ஓடே இல்லை.
ஈரத்தோலுக்குள் மஞ்சள் கரு
இடம் தேடி உருண்டது.

அடுத்த நாள் ஏழு.
அதற்கடுத்த நாள் பத்தொன்பது.
நானூற்றுப் பத்துக் கோழிக்கு
முந்நூற்று எழுபது முட்டை எழுதிய நோட்டு
முந்நூறுக்குக் கீழே இறங்கியபோது
எந்தக் கண் பட்டதோ என்று
எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து
ஷெட் கதவில் கட்டினேன்.

ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து கிராம்.
பாதிக்கு மேல் மக்காச்சோளம்.
அதைக் குறைத்தால் ஒரு வாரத்தில் முட்டை சிறுக்கும்.
சோயாப் புண்ணாக்கைக் குறைத்துப் பார்த்தேன் ஒரு மாசம்:
ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கித் தின்றன.
உப்பு மறந்த வாரமும் அதே கூத்து.
கை வைக்கத் தோதாக மிச்சமிருந்தது
சுண்ணாம்புக்கல் மட்டும்தான்.
கல்லுக்கா காசு கொடுப்பது,
அதுவும் ஜெகதேவி ரோட்டில் இருந்துகொண்டு?

என் வீட்டுக்காரர் சென்றாயன்
கிரானைட் பாலீஷ் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட்.
வரும்போது டிவிஎஸ் வண்டியில் ரெண்டு மூட்டை கொண்டுவந்தார்.
"இதுவும் வெள்ளைதானே."
அவர் இமைமுடியிலும் அதே வெள்ளை.
மிச்சம் பிடித்த காசில்
குழுக்கடன் ஒரு தவணை அடைந்தது.
அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கோழிகள்
தொட்டியை விட்டுத் தலையெடுக்காமல் கொத்தின.
பொறுக்கும், கீழே போடும், மறுபடி பொறுக்கும்.
பசி என்று நினைத்து
இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டேன்.

பர்கூரிலிருந்து டாக்டர் நசீமா வந்தார்.
சீக்கா மேடம் என்றேன்.
பதில் சொல்லாமல் தொட்டிக்குள் துழாவினார்.
கதவில் தொங்கிய எலுமிச்சையை அவிழ்த்துப்
பிளேடால் ரெண்டாக அறுத்தார்.
பழைய மூட்டையின் அடியில் கிடந்த தூளில்
பாதியைப் பிழிந்தார்:
சோடா திறந்தது மாதிரி மெல்ல நுரைத்தது.
கம்பெனிக் கல்லில் மறுபாதியைப் பிழிந்தார்.
நனைந்தது.
அவ்வளவுதான்.

"ஓட்டைக் கோழி ராத்திரியில்தான் கட்டும்.
தீனியில் இல்லாததை எலும்பிலிருந்து எடுத்துக் கட்டும்.
எலும்பும் கைவிட்டால் இது,"
என்று என் உள்ளங்கையில் இருந்த
தோல்முட்டையைக் காட்டினார்.
சென்றாயன் வாசலுக்குப் போய் இருமிவிட்டு வந்தார்.

நல்ல கல்லே வாங்கினோம்.
ராவெல்லாம் வயிற்றில் கிடந்து கரைகிற
பெரிய மணியாகப் பார்த்து.
பன்னிரண்டு நாளில் நோட்டு ஏறியது.

மூன்றாம் வரிசைக் கடைசிக் கூண்டில் ஒருத்தி.
மற்றதெல்லாம் தோலும் தொளியுமாகப் போட்ட நாளிலும்
மாற்றமில்லாமல் கெட்டியாக ஒன்று வைத்தவள்.
அவளைக் காட்டி மற்றவர்களைத் திட்டியிருக்கிறேன்.
நல்ல கல் வந்த மூன்றாம் நாள்
உட்கார்ந்தவள் எழவில்லை.
தூக்கி நிறுத்தினால் கால் மடங்கியது.
நெஞ்செலும்பை வருடினேன்,
வெற்றிலைக் காம்பு மாதிரி வளைந்தது.
மூக்கருகே தண்ணீரைப் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் இருந்தேன்.

விடிகாலையில் செத்துக் கிடந்தாள்.
வாலடியில் ஒரு முட்டை,
அவளைவிடச் சூடாக.

துடைத்து அட்டையின் முப்பதாவது குழியில் வைத்தேன்.
வேறென்ன செய்வது,
இருபத்தொன்பதாக யாரும் வாங்க மாட்டார்கள்.

மத்தூர் பேக்கரிக்காரர் வழக்கம்போல
ரெண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினார்.
அதில் ஒன்று எது என்று எனக்குத் தெரியும்.
காதருகே வைத்து மறுபடி தட்டிவிட்டுச்
சிரித்தார்.

"கல்லாட்டம் இருக்கும்மா."